பொம்ம வீட்டில் விட்டுவந்த ஆரோ

எங்கள் ஹெட் சர்வேயர் காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். அது காதிலிருந்து இறங்கினால் யாருக்கோ வீடு போச்சு என்று அர்த்தம். ஏரிப் புறம்போக்கில் நிற்கும் கட்டடத்தை அவர் பிளானில் சிவப்பாகச் சுற்றுவார். பிறகு தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் போகும், இடிக்க ஆள் போகும். அந்தப் பென்சில் ஒரு தடவை என்னால் தப்பாக இறங்கப் பார்த்தது.

சித்தூர் ஆந்திர ராஜ்யத்தோடு போய், எல்லையோர ஊர்களில் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எந்த ஊர் எங்கே போனாலும் ரெக்கார்டு சரியாக இருக்கவேண்டும் என்று எங்களை அளக்க அனுப்பினார்கள். எனக்கு டெம்பரவரி வேலை. ஒரு அளவு தப்பினாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

1. ஏரியைத் தாண்டி

புத்தூர் தாண்டி ஒரு வறண்ட ஏரி. மதகுக் கல்லிலிருந்து எதிர்க்கரை வரைக்கும், நூறு கண்ணி உள்ள அளவுச் சங்கிலி பிடித்தோம். முன்னால் போகும் செயின்மேன் முனிரத்தினத்திடம் பத்து ஆரோ இருக்கும். ஆரோ என்றால் தலையில் வளையம் வைத்த இரும்புக் கம்பி. ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் அவர் ஒன்றைக் குத்திவிட்டுப் போவார். பின்னால் வரும் நான் பிடுங்கிக்கொண்டே போவேன். என் கையில் எத்தனை ஆரோவோ, அத்தனை சங்கிலி நீளம்.

கரையேறியதும் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம் நின்றது. சுவர் வரைக்கும் மிச்சம் முப்பது லிங்க், அதாவது முப்பது கண்ணி. அதை மட்டும் பீல்டு புக்கில் எழுதினேன். சங்கிலி எத்தனை என்று எழுதுவதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி குடிச்சிட்டு போங்க தம்பி. இன்னா வெயிலு இது!"

எஸ்தர் டீச்சர். மிஷன் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் சேர்த்த படங்களை அந்தக் கட்டடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தெலுங்கில் பொம்ம என்றால் படம். அதனால் ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் அதைப் பொம்ம வீடு என்றே சொன்னார்கள்.

ஆரோக்களைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், ஆள் காலி.

காளஹஸ்தித் துணி ஒன்று சுவர் நீளத்துக்குத் தொங்கியது. அதில் வரைந்த மரத்தில் கிளைக்கு ஒரு கிளி. கூரையில் ஓட்டோடு பதித்த கண்ணாடி வழியே விழுந்த வெயில் நகர நகர, கிளிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கண்ணாடியில் தீட்டிய படங்களில் யார் யாரோ பெண்கள் என்னையே பார்த்தார்கள். வெளியே வெயில், சங்கிலி, வேலை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. நான் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் எந்த இடத்திலும் நின்றதில்லை.

கடைசியில் ஜன்னல் பக்கம் சின்னதாக ஒரு படம். அதே ஜன்னல், நிறைந்த ஏரி, ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் குட்டையாக ஒரு கல்.

"இது நான் வரஞ்சது. கட்டடம் எழும்பன வருசம். இருந்தத வரஞ்சேன் தம்பி, இல்லாதது ஒண்ணும் வெக்கல" என்றார் டீச்சர்.

எதிர்ச் சுவரில் படமே இல்லை. மாடு ஓட்டும் தார்க்கோல், குதிரை லாடம், ஒரு போஸ்ட்மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி பிரேம் என்று ஆணிக்கு ஒன்றாகத் தொங்கின. அங்கே டிக்கெட் கிடையாது. பார்க்க வந்தவர்கள் தங்கள் தொழிலுக்கான ஒரு பொருளை விட்டுப் போவது வழக்கம்.

"எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லயே டீச்சர்" என்றேன்.

"அதுக்கு இன்னா? இன்னொரு தபா வரும்போது பாத்துக்கலாம்."

முனிரத்தினம் வாசலிலிருந்து கூப்பிட்டார். "சாரு, போலாமா? ரெண்டு மணி நேரமா பொம்ம பாத்துக்கினு கீற!" அள்ளிக்கொண்டு ஓடினேன். வழியில் ஆரோவை எண்ணி, ஏழு சங்கிலி என்று எழுதினேன்.

2. பிளான் மேஜை

சித்தூர் ஆபீசில் பிளான் போட்டேன். பழைய ரிஜிஸ்டர்படி அந்தக் கோட்டில் ஏரி எட்டு சங்கிலி. என் அளவில் பொம்ம வீட்டுச் சுவர் ஏழு சங்கிலி முப்பது லிங்கில் நின்றது. ஆக, கட்டடம் ஏரிக்குள்.

ஹெட் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அந்தக் கிளிகளெல்லாம் கண்ணில் வந்தன. கூடவே அந்தக் கல்லும் வந்தது. அது எல்லைக் கல் என்றால் ஏரி அங்கேயே முடிந்துவிடுகிறது, வீடு வெளியே நிற்கிறது. இப்போது அந்த இடத்தில் வெறும் வண்டல் மேடுதான். கல் புதைந்திருக்கலாம்.

"சார், ஒரு நாள் டைம் குடுங்க. பொம்ம வீட்டு படத்துல எல்லைக் கல்லு ஏரிப் பக்கம் இருக்குது."

"ஏமய்யா, பொம்மய பாத்து சர்வே பண்றியா? பீல்டு புக் உன் கையெழுத்துதான?"

"என் கையெழுத்துதான் சார். தப்பு அதுலதான் இருக்கும்னு தோணுது."

அவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்புன்னா நாளைலேந்து வேல இல்ல. தெலுசா?"

தெரியும் என்றேன்.

3. ஆணியில்

மறுநாள் ஹெட்டே கூட வந்தார். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக என்னை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போனார். தார்க்கோலுக்குப் பக்கத்தில், வளையத்தால் ஆணியில் மாட்டி, என் ஆரோ தொங்கியது.

"ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டு, பெஞ்சு மேல வெச்சிட்டு போயிருக்கியே தம்பி! தொடச்சி மாட்டிட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் முனிரத்தினம் தன் பையைத் திறந்தார். அவரிடம் மிச்சம் இரண்டு. என்னிடம் ஏழு. அன்றைக்கே இரண்டையும் கூட்டியிருந்தால் பத்து வரவில்லை என்று தெரிந்திருக்கும்.

ஹெட் ஜன்னலுக்கு முன்னால் தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் எல்லைக் கல் கிடைத்தது. சுவர் அதற்கு முப்பது லிங்க் வெளியே நின்றது.

"சர்க்கார் சாமான். ஸ்டோருக்கு பத்தும் போவணும்" என்று ஆரோவை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். டீச்சர் முகம் வாடிவிட்டது. ஹெட், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படங்களுக்குள் நடந்தார். நானும் முனிரத்தினமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்த பிறகுதான் ஹெட் வெளியே வந்தார். வழியனுப்ப வந்த டீச்சர் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"வேல போச்சா சார்?" என்று கேட்டேன்.

"இன்னொரு தபா ரெண்டு கையயும் எண்ணாம எழுதினா போவும்."

முப்பது வருஷம் வேலை பார்த்தேன். இன்றுவரை புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அது ஒன்றுதான். உன் கையில் இருப்பதை மட்டும் எண்ணாதே, எதிராளி கையில் மிச்சம் இருப்பதையும் எண்ணு.

அன்று பஸ் ஏறும்போது பார்த்தேன். ஹெட் காதில் சிவப்புப் பென்சில் இல்லை.