அஞ்சலையின் கழுத்தில் நான் வரைந்த மூன்று வடம்

1. எங்கும் போகாத படிக்கட்டு

படம் பிடிக்கும் கடையில் ஒரு பெண் வேலைக்கு இருப்பது எங்கள் ரயில்வே வட்டாரமான பிரிக்பீல்ட்ஸில் அப்போது புதிது. முதல் நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது, கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெயில் வெள்ளை மல் துணியில் வடிந்து கூடம் முழுவதும் பாலாக நிறைந்திருந்தது. சுவரோரம் ஒரு திரை. அதில் ஏரி, இரண்டு அன்னங்கள், ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு எங்கும் போகாது. ஆனாலும் அதன் முன் வந்து நின்ற ஒவ்வொரு பெண்ணும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தவளைப் போலவே நின்றாள். பக்கத்தில் ரயில் போனால் திரை மெல்ல அசையும். ஏரியும் அசையும்.

பெண்களின் சேலை மடிப்பைச் சரிசெய்யவும் முகவாயைத் தொட்டு நிமிர்த்தவும் ஆண் கை உதவாது என்பதால்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். என் அப்பா தண்டவாளத்தில் கட்டை மாற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். செவன்த் ஸ்டாண்டர்ட் வரை இங்கிலீஷ் படித்தவள் சேலை மடிப்போடு நிற்பாளா? ஒரு வருஷத்துக்குள் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டேன். குச்சியில் பஞ்சு சுற்றிக் கன்னத்துக்கு ஒரு தொடுதல், நான்கைந்து மயிர் மட்டும் உள்ள பிரஷ்ஷால் உதட்டுக்கு ஒரு கோடு. அதில் என் கைக்கு இணையான கை அந்த வட்டாரத்தில் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் கழுத்தோடு யாருடைய படத்தையும் கடல் தாண்டி ஊருக்கு அனுப்ப விடமாட்டோம். கேட்காமலே பொன் சாயத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று வரைந்துவிடுவோம். வாங்குகிறவர்களும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.

2. ஷோகேஸ்

ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அஞ்சலை வந்தாள். அவள் கணவன் முனியாண்டி ரயில்வே ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன். ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றாள். அவளுக்கு நல்ல நீண்ட கழுத்து. முதலாளி பார்த்ததும், "படத்த கொஞ்ச நாளு நம்ம ஷோகேஸ்ல வைக்க விடும்மா, அப்புறம் சும்மாவே எடுத்துட்டுப் போ" என்றார்.

அந்த வாரம் எதிர்வரிசைக் கடையின் ஷோகேஸில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியின் படம் வந்திருந்தது. அதன் முன்னால் எப்போதும் கூட்டம். நான் தீட்டாத படத்தைச் சுற்றி அவ்வளவு பேர் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அஞ்சலையின் படத்தை மேஜையில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு சங்கிலி வரைந்தேன். அடங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது வடம். நடுவில் சிவப்புக் கல் பதக்கம். கல்லுக்குள் ஊசி முனையளவு ஒரு வெளிச்சமும் வைத்தேன். நிமிர்ந்தபோது பகல் போயிருந்தது. தூக்கத்தில் நடந்து திரும்பியவள் போல இருந்தேன்.

மறுநாள் கூட்டம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். கண்ணாடியில் அவர்கள் முகம் விழும். சரியான இடத்தில் நின்றால் அந்த மூன்று வடம் அவர்கள் கழுத்தின்மேலேயே தெரியும். அதற்காகவே சிலர் ஓரடி தள்ளி நின்றதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

3. அஞ்சலை வந்தாள்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அஞ்சலை கடைக்குள் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை.

"தங்கச்சி, எம்மேல என்னத்த எழுதி வச்சீங்க? ஸ்டோர்ல செம்புக் கம்பி காணோமாம். எங்க வூட்டுக்காரருதான் எடுத்து வித்து எனக்கு நகை வாங்குனாருன்னு ஸ்டோர் கணக்கு எழுதுற கிராணி சொல்றாரு. சனிக்கிழமக்குள்ள நகை எப்படி வந்துச்சுன்னு சொல்லலன்னா வேலையும் போச்சு, லயத்து வூடும் போச்சு!"

"நகையே இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அவரு சொன்னாரு. யாரும் நம்பல. லயத்துல பொம்பளைங்க கேட்டப்ப நாந்தான் சொன்னேன், எங்கம்மா போட்டது, பெட்டியில இருக்குன்னு. தண்ணிக் குழாய்ல எனக்கு வழி விட்டாளுங்க தங்கச்சி. ஒரு நாளும் விட்டதில்ல."

அவளைப் படம் பிடித்த நெகட்டிவ் கண்ணாடி எங்களிடம் இருந்தது. நான் தீட்டியது தாளில்தான்; அதில் சங்கிலி கிடையாது. எடுத்துப்போய்க் காட்டினால் தீர்ந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"ஒனக்குப் பைத்தியமா ராஜம்? கண்ணாடி வெளிய போச்சுன்னா, நாம சங்கிலி வரைஞ்ச கழுத்து அத்தனையும் சந்தி சிரிக்கும். எத்தன குடும்பம்! நாம விக்கறது படம்லா. ஆசைய அவங்கவங்க வீட்டுலேர்ந்து கொண்டு வர்றாங்க. அதுக்கு நாம என்ன பண்றது?"

"மூணு வடம் இவங்க வீட்டுலேர்ந்து வரல மொதலாளி. நான் போட்டது."

"போறதுன்னா போ. திரும்பி வர்றதப் பத்தி அப்புறம் யோசி."

கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வேலை போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற நினைப்பு வழி முழுக்கக் கூடவே வந்தது.

4. ஜன்னலோரம்

ஸ்டோர் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன பிள்ளை, ஆரைப் பாக்க வந்தனீர்?" என்றார். சொன்னேன். நம்பிக்கையில்லாமல் இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்டார். இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். கறுப்புக் கூந்தல் வெள்ளையாக, வெள்ளை ரவிக்கை கறுப்பாக, தண்ணீருக்கடியில் இருப்பவளைப் போல அஞ்சலை தெரிந்தாள். கழுத்தில் தாலிக் கயிற்றின் ஒரு கோடு. வேறொன்றும் இல்லை.

"அப்ப அந்த மூண்டு வடம்?"

"நான் வரைஞ்சது சார்."

"ஆர் சொல்லி?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான்."

அவர் நெகட்டிவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உமக்குத் தெரியுமே, உந்த ஷோகேஸாலை என்ர மனுசி ஏழு நாளா, ஒரு கிழமையா என்னோடை முகங்குடுத்துக் கதைக்கிறேல்லை. 'உங்களுக்குக் கீழை மூட்டை தூக்கிறவன்ர பெண்சாதிக்கு மூண்டு வடம், எனக்கு?' எண்டு ஒரே கேள்வி. அந்தக் கோவத்திலைதான் இவன்ர பேர் என்ர வாயிலை வந்தது." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "அவனை வழக்கம்போலை வேலைக்கு வரச் சொல்லும்."

5. பிறகு நடந்தது

கடை கெட்டுப்போகும் என்று முதலாளி பயந்தார். நடந்தது வேறு. ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரவி, பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். "அஞ்சலைக்கு நகை போட்டது யாரு? எனக்கு அஞ்சு வடம் போடு" என்று வாய்விட்டே கேட்டார்கள். முதலாளி வாயெல்லாம் பல். என்னை வேலையைவிட்டு அனுப்பும் பேச்சே எழவில்லை. எனக்கும் உள்ளே இனிக்காமல் இல்லை. அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

அஞ்சலை கடைசியில் ஒரு நாள் தன் படத்துக்காக வந்தாள். நன்றி சொல்லவில்லை. திரையின் படிக்கட்டைப் பார்த்தபடியே, "வேலைய மீட்டுக் குடுத்தீங்க. ஆனா இப்ப குழாயடில எல்லாத்துக்கும் பின்னால நிக்கிறேன்" என்றாள். புதிதாக ஒரு படம் அச்சிட்டு எடுத்து வைத்தேன். பிரஷ்ஷை எடுக்கும் முன் கேட்டேன்.

"அக்கா, சங்கிலி போடவா, வேணாமா?"

இந்தக் கேள்வியை அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். ஒரு ரயில் வந்து, நின்று, போகிற அளவு நேரம் யோசித்தாள்.

"வேணாம். எங்கக்கா அதப் பாத்தான்னா எங்க மாமா தலையத் தின்னுருவா. அந்தப் பாவம் நமக்கெதுக்கு? சீலைக்கு மட்டும் பச்ச அடிங்க. சீல நெசமாவே பச்சதான். நம்பலன்னா நாளைக்குக் கட்டிட்டு வந்து காட்டுறேன்."

"நம்புறேன் அக்கா" என்றேன். அவள் மறுநாள் கட்டிக்கொண்டே வந்தாள். இலைப் பச்சை, கரையில் மஞ்சள் கோடு. சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையைக் கலக்க எனக்கு அரை நாள் பிடித்தது. இந்த வேலைக்கு வரப்போகும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவே: பிரஷ்ஷை நனைக்கும் முன் கேளுங்கள். பதிலைக் காத்திருந்து கேளுங்கள். அதன் பிறகும் போட்ட கோட்டின் பொறுப்பு உங்களுடையதுதான்.