கை வைத்த இடம்

கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். கடலூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் எனக்கு வேறொரு கிறுக்கு: ஒருவரை ஒருவர் தொட்டுவிட்டு விலகியபின் என்ன மிச்சமிருக்கிறது என்று படம் பிடிப்பது. என் மனைவியின் அண்ணன் சிப்காட் பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய் கரண்ட் வேலை பார்க்கிறவர். எந்த வயர் சூடேறியிருக்கிறது என்று காட்டும் வெப்பக் கேமரா ஒன்று மச்சானிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாங்கி வந்துவிடுவேன். அதில் முகம் விழாது, சூடுதான் விழும். சூடான இடம் மஞ்சள், ஆறின இடம் நீலம். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தால், கை போன பிறகும் கை இருக்கும். முதல் தடவை பார்த்தபோது "அட!" என்று கத்தியே விட்டேன்.

சிதம்பரத்தில் இருந்த மாமனாருக்கும் இந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. ரிட்டயரான பஸ் கண்டக்டர். நான் போனதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"மாப்ள, இன்னிக்கி எங்க சூடு ஜாஸ்தி?"

"மூக்கு ஜில்லுனு இருக்கு மாமா. காதுதான் எரியுது."

"உங்க அத்த பேச்சக் கேட்ட காது, எரியாம என்ன பண்ணும்?"

மூக்குக் கண்ணாடியைத் தாண்டிச் சூடு வராது. அதனால் எல்லாப் படத்திலும் அவர் கண்கள் இரண்டு கருநீல வட்டம். அதைப் பார்த்து அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

என் மனைவி மட்டும், "ஏங்க, அப்பாவ நல்ல கேமராவுல ஒன்னு எடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "எங்க போயிடப் போறாரு?" என்பேன்.

போய்விட்டார். தூக்கத்திலேயே.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் திறக்க வேண்டும். என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன, ஒன்றில்கூட முகமில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பவரோ கறுகறு மீசைக்காரர், வேறு ஆள். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். "போட்டோக்காரன் வூட்ல ஒரு போட்டோ இல்லியா?" என்று பந்தலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். என் மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். வீட்டில் பேச்சே நின்றுபோனது.

அடுத்த ஞாயிறு காலை ஸ்டூடியோவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நிறுத்தினாள். யாருடைய முதுகோ. நடுவே ஐந்து விரலோடு மஞ்சளாக ஒரு கை.

"இது யாரு?"

"நீதான். கடசியா நாம கெளம்பறப்ப, மாமா ஒன் முதுகுல கை வெச்சு 'பாத்துப் போம்மா'ன்னாரே. கைய எடுத்ததும் எடுத்தேன்."

"எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"அரை நிமிஷம் இருக்கும்."

எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "இப்ப பாருங்க."

இருக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் மேசைமேல் இருந்த வெப்பக் கேமராவை எடுத்துப் பார்த்தேன்.

"இல்லம்மா."

அவள் திரும்பவில்லை. "செரி. அதே எடத்துல உங்க கைய வைங்க."

கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கையை வைத்தேன். அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது என் உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது.