மடக்காத லைட்டு

பதினொன்று. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை கொட்டும் இரவு. மலை ரோட்டில் எதிரே ஒரு கார், முகத்தில் அறைகிற வெளிச்சத்தோடு வருகிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் வண்டியின் லைட்டை நீங்களே அணைக்கிறீர்கள். கார் கடந்து போன பிறகும் பதினொன்று எண்ணும்வரை ரோட்டும் தெரியாது, ஓரமும் தெரியாது, பள்ளமும் தெரியாது. நீங்கள் குருடு. உங்களை நம்பி ஏறிய அத்தனை பேரும் குருடு. இது எந்த இஞ்சினியரும் போட்ட கணக்கல்ல. டிரைவர் ராஜலிங்கம் தன் வாயால் எண்ணிப் பார்த்த கணக்கு.

ராஜலிங்கம் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் தப்பி, பதினெட்டு வயதில் கண்டிக்கு ஓடினார். லொறி கழுவினார். பிறகு லொறிக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்தார். பிறகு லொறி ஓட்டினார். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பதில் கெலிஓயா சாஹுல் ஹமீது முதலாளியின் பஸ்ஸுக்கு டிரைவரானார். முதலாளிக்குப் புடவைக் கடையும் உண்டு, இந்த ஒரு பஸ்ஸும் உண்டு. கண்டியில் ஏற்றி, கலஹா வழியாகத் தெல்தோட்டையில் இறக்க வேண்டும்.

அந்த ரோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்ல, குடையிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரை வந்தால் தொழிலாளி குடையை மடக்க வேண்டும். மடக்கிவிட்டு, தண்ணீர் ஓடும் கானோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். மழையா வெயிலா என்ற கேள்வி கிடையாது. ராஜலிங்கத்தின் தாய் ரத்தினம்மா, இடுப்பில் பிள்ளையோடு அப்படி நின்று நனைந்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் இவர். அவர் நினைவிலிருந்த முதல் மழை அதுதான்.

துரைமார் குதிரையை விட்டுக் காருக்கு மாறினார்கள். வழக்கமும் காரில் ஏறிக்கொண்டது. இரவில் துரையின் கார் எதிரே வந்தால் லொறியோ பஸ்ஸோ லைட்டை அணைத்து ஓரம் கட்ட வேண்டும். யார் போட்ட சட்டம்? ஒருவரும் போடவில்லை. எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. தோட்டத்துக்குள் போகும் ரோட்டு துரையுடையது, சரி. இதுவோ சர்க்கார் ரோட்டு. ஆனாலும் அணைத்தார்கள். மற்ற ஊர்களில் லைட்டை அணை என்பார்கள். அங்கே மட்டும் 'லைட்டை மடக்கு' என்றார்கள். குடைக்குச் சொன்ன அதே சொல்.

முப்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ராத்திரி. கடைசி பஸ். கண்ணாடியைத் துடைக்கும் தகட்டை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கலஹா தாண்டி மூன்றாவது வளைவில் மேலேயிருந்து இரண்டு வெள்ளைக் கண்கள் இறங்கின. அவர் கை அசையும் முன்னமே பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"தொர காரு, தொர காரு! மடக்கு தம்பி, மடக்கு!"

மடக்கினார். பழகிய கை, யோசிக்கவில்லை. இருட்டில் ஓரம் கட்டியபோது இடப்பக்கப் பின்சில்லு மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. ஒரு மரம் குறுக்கே நின்றதால் பஸ் அதில் சாய்ந்து நின்றது. துரையின் கார் நிற்காமல் போனது.

அப்போதுதான் பயத்தில் எண்ணத் தொடங்கினார். பதினொன்று என்னும்போது மரம் தெரிந்தது. மரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பாப்பம்மாவின் இடக்கை தெரிந்தது.

பாப்பம்மா கொழுந்தெடுக்கிறவர். புருசன் செத்து, தன் கையை நம்பி இருந்தவர். நொறுங்கிய முழங்கை மூட்டு ஒட்டியது. ஆனால் மடங்கியபடியே ஒட்டியது. மடங்கிய கை கொழுந்துக்கு உதவாது என்று தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள். விசாரணையில், மழையில் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். லைட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ராஜலிங்கமும் சொல்லவில்லை. சொன்னால் துரை மேல் குற்றம் சொன்னதாகும். நீட்டின இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அந்தக் கையெழுத்து அவரைத் தூங்கவிடவில்லை.

பாப்பம்மா உட்கார்ந்து அழவில்லை. கீரையும் பூசணியும் வாங்கிக் கண்டிச் சந்தையில் விற்கத் தொடங்கினார். போவதும் வருவதும் அதே பஸ்ஸில்தான், அதுவும் டிரைவருக்கு நேர் பின் சீட்டில். முதல் நாளே கேட்டார்.

"என்ன தம்பி, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிற?"

"ஒன்னுமில்லக்கா."

"ஒன்னுமில்லாமயா? நீ லைட்ட மடக்குன, லைட்டு என் கைய மடக்கிருச்சு. லைட்டு திரும்ப எரியுது. என் கையி நீளுமா?"

பஸ்ஸில் சிரித்தார்கள். ராஜலிங்கத்தால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கடைக்குப் போய், இனிமேல் லைட்டை மடக்கமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னார்.

சாஹுல் ஹமீது கெட்டவர் அல்ல, பயந்தவர். துணியை மடித்தபடியே சொன்னார்:

"மகன், பஸ்ல ஏர்ற எல்லாம் தோட்டத்து ஆக்கள். தொர ஒரு சொல்லுச் சொன்னா, ஒரு மனிசன் ஏறமாட்டான். பொறகு நான் பஸ்ஸ வெச்சி என்ன செய்ய, கோழி அடைக்கவா?"

"ஆள் செத்தா என்ன செய்வீங்க முதலாளி?"

"எனக்கிட்ட வழக்குப் பேசாதீங்க. மடக்க ஏலாட்டி, சாவிய வெச்சிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

சாவி போனால் வீட்டில் உலை இல்லை. மறுபடி லயத்துக்குத்தான் போக வேண்டும். ராஜலிங்கம் அன்றைக்குச் சாவியை வைக்கவில்லை. மடக்குகிறேன் என்றும் சொல்லவில்லை.

முப்பத்துமூன்று கார்த்திகை. அதே கடைசி பஸ், அதே மழை. கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டிக்கொண்டு ரோட்டை மறைத்தது. பாப்பம்மா வெற்றிலைப் பையிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து முன்னால் நீட்டினார்.

"இந்தா, தேய்ச்சு உடு. வாய்க்கு இல்லாட்டியும் பரவால்ல, கண்ணுக்கு இருக்கட்டும்."

டிரைவர்மார் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. புகையிலையை ஈரக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் முத்துக் கட்டாது, ஒரே தாளாக வழியும். ராஜலிங்கம் இறங்கித் தேய்த்துவிட்டு ஏறினார். மூன்றாவது வளைவு வந்தது. மேலேயிருந்து இரண்டு வெள்ளைக் கண்களும் வந்தன.

"மடக்கு, மடக்கு!" பின்சீட்டெல்லாம் ஒரே குரல்.

"மடக்காத," என்றார் பாப்பம்மா. அவர் கத்தவில்லை. காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

ராஜலிங்கம் பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்தினார். பிரேக்கை இழுத்தார். பஸ் லைட்டுக்கு ஒரு குணம், எஞ்சின் அடங்கினால் அதுவும் மங்கும். அதனால் கியரை எடுத்துவிட்டு எஞ்சினை மிதித்தார். லைட் பிரகாசித்தது. இன்னும் மிதித்தார்.

கார் பத்தடி தள்ளி நின்றது. துரையின் டிரைவர் கறுப்பையா தலையை வெளியே நீட்டினான். ராஜலிங்கத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"டேய் மச்சான், கண்ணு அவிஞ்சு போச்சா? தொர இருக்காரு, மடக்குடா!"

"தொர இருக்கிறது தெரியுது மச்சான். லைட்டு எரியிறதாலதான் தெரியுது."

"வெளயாடாத. சோத்துல மண்ண போட்டுக்காத."

"ஏறி வர்ற வண்டிக்கு எறங்குற வண்டி வழி உடணும். ஒனக்கும் எனக்கும் லைசன்ஸ் குடுத்தவன் ஒரே ஆளுதான். நீயே பின்னுக்கு எடு."

காரின் பின் கதவு திறந்தது. துரை இறங்கினான். பெரிய கறுப்புக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு வெளிச்சத்தின் நடுவில் நின்று கத்தினான்.

"யார் அது டிரைவர்? லைட் மடக்கு!"

பாப்பம்மா மடங்கிய கையை ஜன்னலில் ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, தொர நம்ம பஸ்ஸப் பாத்தும் கொடைய மடக்கலியே," என்றார்.

பின்சீட்டில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. சற்று முன் மடக்கு மடக்கு என்று கத்திய அதே வாய்கள். துரைக்குத் தமிழ் தெரியும். கேலியும் விளங்கியிருக்கும். என்ன நினைத்தானோ, காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான்.

கறுப்பையா ரிவர்ஸ் போட்டான். இப்போதுதான் வேடிக்கை. காரின் பின்னால் இருந்தது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். மழையில், மேட்டில், பள்ளத்தை ஒட்டிப் பின்னோக்கிப் போக அது போதுமா? அவனுக்குப் பின்பக்க ரோட்டைக் காட்டியது பஸ்ஸின் லைட்டுதான். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடியே கத்தினான்:

"மச்சான், அப்புடியே வச்சிரு! அணைச்சிராத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

"மடக்கச் சொன்னியே?"

"எங்கப்பன் மேல சத்தியமா மடக்காதடா!"

கடைசியில் ஒதுங்குகிற அகலம் கிடைத்ததும் கார் ஒதுங்கியது. பஸ் கடந்து போனது. லைட் எரிந்துகொண்டே போனது.

மறுநாள் விடிந்ததும் ராஜலிங்கம் கெலிஓயாவுக்குப் போய்ச் சாவியைக் கடை மேசையில் வைத்தார். அதற்கு முன்னமே துரையின் ஆள் வந்துபோயிருந்தான். டிரைவர் மேல் முறைப்பாடு, லைசன்ஸைப் பறிக்க வேண்டும், கண்டியில் விசாரணை.

முதலாளி சாவியைப் பார்த்தார். ராஜலிங்கத்தைப் பார்த்தார்.

"தொரட கார் பின்னுக்குப் போனதா?"

"போச்சு."

"எவ்வளவு தூரம்?"

"அளக்கல முதலாளி."

"அளக்காம விசாரணைக்குப் போறதா? போன தடவ மாதிரி வாயப் பொத்திக்கிட்டு வரவா?" மூலையில் சாத்தியிருந்த மூன்றடிக் கஜக்கோலை எடுத்து மேசையில் போட்டார். "இதையும் எடுங்க, சாவியையும் எடுங்க. பகல் பஸ்ஸ நேரத்துக்கு எடுக்கணும்."

கார் முதலில் நின்ற இடத்திலிருந்து ஒதுங்கிய இடம்வரை, துணி அளக்கும் கோலால் ரோட்டை அளந்தார்கள். ராஜலிங்கம் கோலை வைத்தார், பாப்பம்மா கோல் முடிகிற இடத்தில் காலை வைத்துக் கணக்குச் சொன்னார். கார் ஒதுங்கிய சில்லுத் தடம் ஈர மண்ணில் அப்படியே இருந்தது. இருபத்தொன்பது கஜம்.

கண்டி விசாரணையில் ராஜலிங்கம் இந்தமுறை வாயைத் திறந்தார். லைட்டைப் பற்றிச் சொன்னார். பதினொன்றைப் பற்றிச் சொன்னார். முன் ஆண்டு தான் வைத்த கையெழுத்து பொய்க் கையெழுத்து என்றும் சொன்னார். பாப்பம்மா மடங்கிய கையை மேசை மேல் தூக்கி வைத்தார். இரவில் லைட்டை அணைக்கச் சொல்லும் சட்டம் எது என்று அதிகாரி கேட்டபோது துரையின் பக்கத்தார் வழக்கம் என்றார்கள். லைசன்ஸ் பறிபோகவில்லை. பாப்பம்மாவின் பேர் செக்ரோலுக்குத் திரும்பவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அந்த ரோட்டில் ராஜலிங்கமும் மடக்கவில்லை, மற்ற டிரைவர்மாரும் மடக்கவில்லை.

விசாரணை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். கஜத்தில் வேண்டாம், கார் எத்தனை அடி பின்னால் போனது, காகிதத்தில் எழுத வேண்டும் என்றார். ராஜலிங்கம் நிமிர்ந்து நின்று சொன்னார்.

எண்பத்தேழு அடி.