சந்தனப் பொட்டு வைத்த நேரம்

காரைக்குடியில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஓர் அக்கா. மானகிரியிலிருந்து தினமும் வண்டியில் வருவார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தையும் பாலிமர் கலவையையும் நிரப்பி, மின்புலம் கொடுத்துக்கொண்டே புற ஊதா விளக்கில் இறுக வைப்பதுதான் அவர் வேலை. மின்புலத்தின் திசையில் பாலிமர் தூண் தூணாக நிற்க வேண்டும். ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. நிற்கும் என்று அவர் ஒருவர்தான் நம்பினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கடைசி முயற்சி ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள். அக்காவின் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. திரவப் படிகமும் குப்பியின் அடியில்தான் இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, பேராசிரியர் கூப்பிட்டார் என்று கிளம்பினார்.

"நான் வார வரைக்கும் பாத்துக்க. எதையும் அமத்திராத," என்றார்.

அன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைப்போம். சந்தனக் கிண்ணம் என் கையில். மின்புலம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரில் முந்நூறு வோல்ட். ஈரக்கையோடு தொடப் பயந்து அதை அணைத்தேன். பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டு, பொரியை மென்றுகொண்டே மறுபடி போட்டேன். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது அறிவுகெட்ட எனக்கு உறைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கலவை இறுகியிருக்கிறது.

மாலையில் அக்கா நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். தூண் ஒன்றுகூட இல்லை.

"எல்லாரும் சொன்னீக. நாந்தேன் கேக்கல," என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வெறும் பயம், வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது. அந்த மாதமே அவர் ஆராய்ச்சியை விட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு புதுக் குப்பி வந்தது. அக்கா எழுதி வைத்த முறையிலேயே, எதையும் நடுவில் அணைக்காமல் செய்தேன். தூண்கள் வரிசையாக நின்றன. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. அவருக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. அவ்வளவு தாராளம் எனக்கு!

போன மாதம் கொத்தமங்கலத்தில், ஓட்டலாக மாற்றிய பெரிய வீடொன்றில் ஒரு கல்யாணம். அந்த ஓட்டலின் வரவேற்பு மேசையில் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் கட்டுரையப் படிச்சேன். அப்ப நான் நெனச்சது தப்பில்ல. என் கைதேன் சரியில்ல போல."

இப்போதாவது சொல்லிவிடு என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் கை அமையாதுல்லக்கா," என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.