தண்ணீரை வடிக்கப் போனவர்

ஆலையில் அவரை எல்லோரும் ஃபிட்டர் என்றே கூப்பிடுவார்கள். யுரேனியம் கரைசலிலிருந்து அணு உலைக்கு எரிபொருள் செய்யும் ஆலை அது. தங்கையின் கணவனுக்கும் அங்கேயே சொல்லிவைத்து, கரைசல் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்.

அன்று காலை ஃபிட்டர் அந்தப் பிரிவில் ஒரு வால்வை முடுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு அவசரம்.

"கரைசல ஒல்லிக் குழல்ல ஊத்துனா பொழுது போயிடும். அந்தப் பெரிய தொட்டியிலயே ஊத்துப்பா" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்.

ஃபிட்டருக்குக் காதில் விழுந்தது. தொட்டி தொட்டிதானே என்று அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சற்று நேரத்தில் அபாயமணி அலறியது. மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்திக்கு நடுவே, நீலமாக ஏதோ பளிச்சென்று அடித்தது என்றான்.

ஆட்களை வெளியேற்றிய பிறகும் கதிர்வீச்சு மானியின் முள் இறங்கவில்லை.

"உள்ள இன்னும் நடந்துட்டுதான் இருக்கு" என்றார் பொறியாளர். "ஒரு அணு பிளந்தா ரெண்டு மூணு நியூட்ரான் தெறிக்கும். ஒல்லிக் குழல்னா முக்காவாசி வெளிய ஓடிரும், தொடர் அறுந்துரும். அகலத் தொட்டியில அப்படியில்ல. அதுல ஒண்ணு அடுத்த அணுவப் பிளந்தாலே போதும், அணையவே அணையாது. போதாததுக்கு, தொட்டியச் சுத்தி ஓடுற குளிர்தண்ணி தப்பிக்கிற நியூட்ரானையும் திருப்பி உள்ள தள்ளுது. அத வடிச்சாகணும்."

"நான் போட்ட குழாய்தான். நானே உடைக்கிறேன்" என்றார் ஃபிட்டர்.

சுவரோரமாக ஓடினார். முதல் தடவை ஸ்பேனர் நழுவியது. திரும்பி வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓடினார். சம்மட்டியால் அடித்துக் குழாயைப் பிளந்தார். தண்ணீர் கொட்டக் கொட்ட முள் மெல்லச் சாய்ந்தது. ஒருவர் கட்டிப்பிடிக்க வந்தார்.

"கிட்டப் போகாதீங்க, மொதல்ல குளிக்கட்டும்" என்று பொறியாளர் தடுத்தார்.

மருத்துவமனையில் மாப்பிள்ளை முதலில் நன்றாகத்தான் பேசினான். "என்ன மச்சான், நாளெல்லாம் வெயில்ல கெடந்தவன் மாதிரி செவந்துட்டேனா?" என்று சிரித்தான். பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. மாதம் முடிவதற்குள் போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த மேஸ்திரி தங்கையிடம், "அவனா இஷ்டத்துக்கு ஊத்திட்டான்மா" என்றார்.

ஃபிட்டருக்கு இரத்தம் கொதித்தது. "பொய் சொல்றாரு! இவருதான் ஊத்தச் சொன்னாரு. பக்கத்துலதான் இருந்தேன், என் காதால கேட்டேன்!"

தங்கை மேஸ்திரியைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுட்டு சும்மாவா வந்தே?"

விசாரணையிலும் ஃபிட்டர் நடந்ததை அப்படியே சொன்னார். மேஸ்திரிக்கு வேலை போயிற்று. தங்கை குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது ஃபோனை எடுத்தால் "ம், சொல்லுங்க" என்பாள். அண்ணே என்று மட்டும் கூப்பிடுவதில்லை.