கரன்ட் போன நேரத்தில் ஒரு நால்வர் கச்சேரி

போன மாதம் போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு ஒரு செல்லோவை வரவேற்கப் போயிருந்தேன்.

செல்லோ என்றால்? வயலினைச் சாப்பாடு போட்டு ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டதுபோல ஒரு வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். லக்கேஜில் போட்டால் உடைந்துவிடும் என்று விமானத்தில் அதற்குத் தனி ஸீட். அதுவும் ஜன்னலோரம்! பதினெட்டு வருடமாக மெயின்லேண்டுக்குப் போய் வருகிறேன்... எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது இரண்டே தடவை.

செல்லோவோடு நான்கு இளைஞர்களும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் வயலின், ஒருவர் செல்லோ, ஒருவர் வயோலா. வயோலா வாசிப்பவள் நிர்மலா. என் பக்கத்து வீட்டுத் தங்கராஜின் மகள். வயது இருபத்தாறு.

“வயோலாவா? வயலினைத் தப்பா எழுதிட்டாங்களாம்மா?” என்று காரில் கேட்டேன்.

“வயலினுக்கு அக்கா, அங்கிள். கொஞ்சம் பெருசு, குரலும் கொஞ்சம் கனம். வாசிக்கிறப்போ யாரும் கவனிக்க மாட்டாங்க. நிறுத்தினா மட்டும் ஏதோ குறையுதேன்னு தோணும்.”

எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்கு இந்த வர்ணனை பொருந்தும். என்ன, நிறுத்தினாலும் தெரியாது.

தங்கராஜ் நிக்கோபார் பக்கம் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். சுனாமிக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, ஒரு அரசு அலுவலகத்தில் அட்டெண்டர் ஆனார். பள்ளிக்கூடத்தில் வயலின் பழகிய மகளை பி.காம். படிக்கச் சென்னைக்கு அனுப்பினார். அவள் பி.காமையும் முடித்தாள், கூடவே ஒரு வயோலாவையும் கொண்டுவந்தாள். பி.காம். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டினார் தங்கராஜ். வயோலாவை அலமாரிக்கு மேல் வைக்கச் சொன்னார்.

வயோலா அங்கே தங்கவில்லை. சென்னையில் நான்கு பேரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இதற்கு ஒரு தனி மரபே உண்டு. நடத்துபவர் கிடையாது, பாடுபவர் கிடையாது. நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். சிறிய அறை, சிறிய கூட்டம். நம் ஊரில் இரண்டாவது மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பிழைப்பு? சனி ஞாயிறுகளில் குழந்தைகளுக்கு வகுப்பு. எப்போதாவது சினிமா ரிக்கார்டிங். மற்றபடி கல்யாண வரவேற்புகள்: ஜனங்கள் பட்டர் நான் பிய்த்துக்கொண்டிருக்க, பின்னணியில் இந்திப் பாட்டு. அவர்கள் உயிரைக் கொடுத்துப் பயிலும் சங்கீதத்தை எங்கே வாசிப்பார்களாம்? காலை ஆறு மணிக்கு, ஒரு யோகா வகுப்பில், யோகாக்காரர்கள் வருவதற்குள்!

இந்த முறை அவர்கள் வந்ததும் ஒரு வரவேற்புக்குத்தான். வண்டூர் கடற்கரை ரிசார்ட்டில் ஒரு கான்ட்ராக்டர் வீட்டு மதிய விருந்து.

ஆனால் நிர்மலாவின் பையில் இரண்டு கடிதங்கள் இருந்தன.

ஒன்று, அவள் எழுதிய தேர்வுக்கு வந்த அரசு வேலை ஆர்டர். கிளார்க். பதினைந்து நாளில் சேர வேண்டும். மற்றொன்று, மும்பையில் ஒரு இசை மையத்திலிருந்து. ஒரு வருடம் அங்கேயே தங்கி, மூத்த கலைஞர்களிடம் பயின்று, கச்சேரி செய்யலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று... நான்கு பேரும் வர வேண்டும். ஒருவர் வராவிட்டால் யாருக்கும் இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

சனிக்கிழமை காலை தங்கராஜ் வீட்டில் பஞ்சாயத்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்.

“நீங்களே கேளுங்க சார். ஏக் சால்! ஒரே ஒரு வருஷம். அதுக்கு அப்புறம் க்யா? இவளுக்கும் தெரியாது, கூப்புட்டவனுக்கும் தெரியாது. இது பக்கா நௌக்ரி, கவர்மென்ட் வேலை. அறுவது வயசு வரைக்கும் ஒருத்தனும் அசைக்க முடியாது.”

“அப்பா, நான் மட்டும்னா சேந்துடுவேன். அங்க மூணு பேர் காத்துக்கிட்டு இருக்காங்கப்பா” என்றாள் நிர்மலா.

“அவங்களுக்கு வேற ஆள் கெடைக்காதா?”

“நாலு வருஷமா ஒண்ணா வாசிக்கிறோம். அவங்க மூச்சு விடுறத வச்சே எப்ப ஆரம்பிக்கணும்னு தெரியும். புது ஆளுக்கு அது எப்படித் தெரியும்?”

தங்கராஜ் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். கருத்துச் சொல்வதற்கென்றே வாரம் ஒரு பத்தி எழுதுகிறவன்... தேவைப்படும்போது ஒன்றும் வராது.

ஞாயிற்றுக்கிழமை வண்டூர் போனோம். மகள் மேடையில் வாசித்துத் தங்கராஜ் அதுவரை கேட்டதே இல்லை. எனக்கும் அழைப்பு இருந்ததால் தங்கராஜை வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

ஏ.சி. ஹால். ஈவென்ட் மேனேஜர் வந்ததுமே நிர்மலாவிடம் கேட்டார்: “மேடம், சிங்கர் கிதர் ஹை?”

பாடுபவர் கிடையாது என்றதும் அந்த மனிதர் முகத்தில் ஒரு பெரிய துக்கம். சரி, மைக் வைத்தார். ஒரு மணி நேரம் இந்திப் பாட்டுகள் ஓடின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கராஜ் மட்டும் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் எதிர்காலம் பட்டர் நானுக்குத் தொட்டுக்கொள்ளப்படுவதை எந்த அப்பாதான் ரசிப்பார்?

அப்போது கரன்ட் போனது.

தீவில் இது செய்தியே அல்ல. ஜெனரேட்டர் கிளம்பாததுதான் செய்தி. மைக் செத்தது, ஏ.சி. செத்தது. ஐந்தே நிமிடத்தில் ஹால் இட்லிப் பானை. கடல் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வெளியே புல்வெளியில் நல்ல காற்று. “தண்ணி, ஜூஸ் எல்லாம் வெளிய இருக்கு” என்று மேனேஜர் கத்தினார்.

கான்ட்ராக்டர் மேடைக்கு ஓடி வந்தார். “உங்களுக்குக் கரன்ட் வேணாம்ல? எதாச்சும் வாசிங்க... உங்க இஷ்டம்!”

உங்கள் இஷ்டம். நான்கு வருடத்தில் எந்தக் கல்யாணத்திலும் அவர்கள் காதில் விழாத சொல். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்லோக்காரப் பையன் அடியிலிருந்து வேறு நோட்டை எடுத்தான்.

என்ன வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மெதுவாக ஆரம்பித்தது. ஒரு வயலின் ஏதோ கேட்டது, இன்னொன்று பாதி பதில் சொன்னது. வெக்கையில் நிர்மலாவின் தந்தி தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. கிடைத்த ஒரு சின்ன இடைவெளியில் முறுக்கிச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஓரிடத்தில் மற்ற மூன்றும் தணிந்து வழிவிட, வயோலா மட்டும் மேலே வந்தது. கனமான, உடையாத குரல். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

இருபது நிமிடம். கடைசி ஸ்வரம் முடிந்து, நான்கு வில்லும் இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன...

பளிச்! விளக்கு, ஃபேன், ஏ.சி. எல்லாம் ஒரே நொடியில். “லைட் ஆ கயா!” என்று யாரோ கத்த, மொத்த ஹாலும் எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு!

நான்கு பேரும் எழுந்து, முறையாகத் தலை வணங்கினார்கள். வேறு என்ன செய்வார்கள்?

சாப்பிடும்போது நிர்மலா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், அந்தக் கைதட்டல் எதுக்குன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ப்ளீஸ்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

தங்கராஜ் திங்கட்கிழமை காலை மகளிடம், “மும்பைக்கே எழுதிடு. போய்ட்டு வா” என்றாராம். அவ்வளவுதான்.

அவள் போய்விட்டாள். எனக்குத்தான் உறுத்தல். ஒரு மனிதர் கரன்டுக்கு விழுந்த கைதட்டலை நம்பி மகளின் அரசு வேலையை விட்டுக்கொடுத்துவிட்டார்; தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கலைஞர்களின் வாழ்க்கை எவ்வளவு அற்பமான தற்செயல்களில் தொங்குகிறது என்று ஒரு பத்தியே மனசுக்குள் தயார்.

போன வாரம் தாங்க முடியாமல் தங்கராஜிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். அந்தக் கைதட்டல் நிர்மலாவுக்கு இல்லை என்று.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அது தெரியாதா சார்? நானே ஃபேனுக்குத்தான தட்டுனேன்!”

“அப்புறம் எப்படி...?”

“அதுக்கு முன்னாடி இருவது நிமிஷம், சார். வெந்து சாவுறோம். கதவு தொறந்து கெடக்கு, வெளிய காத்து, ஜூஸ் வேற இருக்குங்கறான். ஒருத்தர் எந்திரிச்சுப் போகல. பின்னாடி உக்காந்து நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்ளோதான் சார், எனக்கு அது போதும்.”

கதவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்... நானும் எழுந்து போகவில்லை.