இருமினால் ஒரு காய்

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தபோது, நானும் என் கணவரும் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேரம் ஆடப் போனோம். எண்பதுகளின் தொடக்கம் அது. தேரடிக்குப் பின்னால் இருந்த சின்னக் கல்யாண மண்டபத்தில் இரட்டையர் கேரம் போட்டி என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தவர் அவர்தான். என்னைக் கேட்கவில்லை.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எங்கள் ஓய்வறையில் ஒரு கேரம் போர்டு உண்டு. இடைவேளை கிடைத்தால் நாலைந்து பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். மூன்று வருஷம் அப்படி ஆடியதில் எனக்கு விரல் படிந்துவிட்டது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன்பே காய் எங்கே போகும் என்று தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் கணவருக்கு எல்லாவற்றையும் சொல்லத் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவார். வகுப்பில் மிச்சமான பாடத்தை வீட்டில் எனக்கு நடத்துவார். பாயை எந்தப் பக்கத்திலிருந்து சுருட்ட வேண்டும், காபியை எத்தனை அடி உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும், ஜன்னலில் எந்தக் கதவைத் திறந்தால் காற்று வரும், எந்தக் கதவைத் திறந்தால் கொசு வரும். கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். நிறுத்தவும் மாட்டார்.

கேரமிலும் அப்படித்தான். "படுற கோணமும் திரும்புற கோணமும் சமம்" என்று சொல்லி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். காய் மட்டும் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். "போர்டு லெவலா இல்ல" என்பார். அடுத்து நான் அடிக்கும்போது அதே போர்டு லெவலாகிவிடும்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனோம். மணமேடை இருக்கும் இடத்தில் நாற்காலி போட்டுச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கீழே எட்டுப் போர்டுகள். ஒவ்வொன்றின் மேலும் தகரக் குடை போட்ட பல்பு தொங்கியது. பஸ் கண்டக்டர்கள், பாங்க் குமாஸ்தாக்கள், காலேஜ் பையன்கள் என்று நூறு பேருக்குக் குறையாது. பெண் என்று பார்த்தால் நானும், பின்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்த அம்மாளும்தான்.

"வாங்க சார். பார்ட்னர் எங்க? பத்து நிமிஷத்துல மொதல் ரவுண்டு" என்றார் செயலாளர்.

"இவங்கதான்" என்றார் என் கணவர்.

செயலாளர் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு பாரத்தைப் பார்த்தார். அதில் என் முதலெழுத்துகள் மட்டும்தான் இருந்தன.

"சார், லேடீஸுக்கு ஈவென்ட் இல்லையே சார்."

"ஜென்ட்ஸுக்கு மட்டும்னு நோட்டீஸ்ல போடலையே சார்."

செயலாளர் நோட்டீஸை எடுத்துப் படித்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கூடி முணுமுணுத்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "போயிடலாங்க" என்றேன். அவர் அதற்குள் அடுத்த வாதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

முடித்துவைத்தவர் நடுவர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசில் தொங்கும். "அடிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு காய்க்குத் தெரியுமாய்யா? நேரமாவுது, உக்காரச் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்தோம். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். என் இடமும் வலமும் எதிராளிகள். முதல் ரவுண்டில் வந்தவர்கள் அடி அண்ணாமலைக்காரர்கள், பங்காளிகள். வலப்பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். கிணற்றில் விழுந்த சொம்பை எடுக்கிறவர் மாதிரி கையை நீட்டித்தான் ஸ்ட்ரைக்கரைத் தொட முடிந்தது. அவர் அடித்ததெல்லாம் பாதி வழியில் நின்றது.

"கிட்ட வாங்க, ஒண்ணும் கடிக்க மாட்டாங்க" என்றார் நடுவர்.

அவர் வரவில்லை. அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்ததில் என் திறமைக்குப் பாதிப் பங்குதான்.

ஆனால் அன்றைய பெரிய சம்பவம் அது இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பு நடுவர் விதிகளைப் படித்தார்: "ஆட்டம் ஆரம்பிச்சா பார்ட்னருங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. சைகை காட்டக் கூடாது. மீறினா, நீங்க போட்ட காயில ஒண்ணை வெளியே எடுத்து நடுவுல வெச்சிடுவேன்."

என் கணவர் கையைத் தூக்கினார். "ஒரு டவுட் சார். சொல்லிக் குடுக்கறது இல்ல, பொதுவா போர்டு நெலமையப் பத்தி..."

"எதைப் பத்தியும்" என்றார் நடுவர்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக என் கணவர் என் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்ட்ரைக்கரை வைத்தால் அவர் உதடு பிரியும். நடுவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கோ, வெயிலில் நடந்து வந்து மோர் குடித்த மாதிரி இருந்தது. சுண்டினேன், விழுந்தது. மறுபடி சுண்டினேன், விழுந்தது.

இரண்டாவது ரவுண்டில் அவர் இரும ஆரம்பித்தார்.

நான் ஒரு வெள்ளைக் காயைக் குறிவைத்தபோது ஒரு இருமல். சரி, தொண்டை என்று நினைத்தேன். குறியை மாற்றினேன். இரண்டு இருமல். நிமிர்ந்து பார்த்தேன். புருவத்தைத் தூக்கிக்கொண்டு, பாடம் கேட்கும் வாத்தியார் முகத்தோடு காத்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிராளியான பாங்க் குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது.

"சார், இவரு இருமியே ஐடியா குடுக்கறாரு சார்."

நடுவர் வந்து குனிந்து என் கணவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பேசாமல் எங்கள் காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். அந்த ரவுண்டில் மட்டும் அப்படி மூன்று காய் போனது. எப்படியோ ஜெயித்தோம்.

சாப்பாட்டு இடைவேளையில் கேட்டேன். "ஏங்க, ஒரு இருமல்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுன்னா நேரா அடி. ரெண்டுன்னா ஓரத்துல பட்டும் படாம கட் அடி. மூணுன்னா அதைத் தொடாதே. இது கூடவா புரியல?"

"முன்னாடியே சொல்லியிருந்தாத்தானே புரியும்? அதோட, நீங்க மூணு இருமறதுக்குள்ள நான் அடிச்சிட்டிருப்பேன்."

அவர் யோசித்தார். "அப்ப, தொடாதேன்னா ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்" என்றார்.

மத்தியானம் அவரை இருமாமல் இருக்கச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். இரண்டு ரவுண்டு தாங்கினார். இரண்டையும் ஜெயித்தோம். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் வெளியே வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் குடை இருந்தது. அது நனையாமல் இருக்கப் போதுமானது. ஆனால் அவரிடம் காலையிலிருந்து சொல்லாமல் தேக்கி வைத்திருந்த நான்கு ரவுண்டு இருந்தது. தெருமுனையில் நின்றுவிட்டார். குடையை மடக்கினார். அதன் நுனியால் ஈர மண்ணில் ஒரு சதுரம் போட்டு, நாலு குழி போட்டு, "இப்ப இங்கதான் அந்தக் கறுப்பு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

"ஏங்க, நனையறோம்."

"ரெண்டு நிமிஷம். இங்க பாரு, இது படுற கோணம்..."

மழை கோடுகளை அழிக்க அழிக்க அவர் மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போனபோது பிழிந்தால் ஒரு குடம் நிறையும்போல இருந்தோம்.

ஞாயிறு காலை அவருக்கு நிஜமான இருமல் வந்துவிட்டது.

அரையிறுதியில் எதிரே வந்தவர்கள் வளையல் கடை வைத்திருந்த பாய் சகோதரர்கள். ஊரில் அவர்களை அடிக்க ஆளில்லை என்று சொன்னார்கள். தம்பி பேசவே மாட்டார், விரல்தான் பேசும். அண்ணன் ரொம்ப மரியாதைக்காரர். நான் உட்காரும்போது எழுந்து நின்று, "வாம்மா தங்கச்சி" என்றார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்திலேயே என் கணவர் இருமினார். நடுவர் எங்கள் காயில் ஒன்றை எடுத்து வைத்தார். என் கணவர் தலையாட்டி மறுத்தார்; அதற்கும் சேர்த்து இன்னொரு இருமல். இன்னொரு காய். வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய, கைக்குட்டைக்குள்ளேயே ஏதோ வெடித்தது. மூன்றாவது காய். போட்டதை விடத் திரும்பி வந்தது ஜாஸ்தி. அந்த ஆட்டம் போயே போனது.

வளையல் கடை அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"சார், இது நெஜ இருமல் சார். சத்தத்துலயே தெரியுதே. பாவம்" என்றார்.

"நேத்து இருமினதும் இப்படித்தான் இருந்திச்சு" என்றார் நடுவர்.

"இப்படி எங்களுக்கு ஜெயிக்க வாணாம் சார்."

கமிட்டி மறுபடி கூடியது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இருமல் வந்தால் அவர் எழுந்து மண்டப வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து இருமிவிட்டு வர வேண்டும். அதற்குக் காய் அபராதம் கிடையாது. அண்ணன் அவருக்கு ஒரு டம்ளர் இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது ஆட்டம் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். என் கணவர் ஸ்ட்ரைக்கரை வைப்பார், தலையைச் சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார். உடனே எழுந்து வாசலுக்கு ஓடுவார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் அவருக்கு வழிவிடப் பழகிவிட்டது. தெருவில் போகிறவர்கள், ஒரு மனிதர் கல்யாண மண்டபத்திலிருந்து ஓடி வந்து இருமிவிட்டு உள்ளே ஓடுவதை நின்று பார்த்தார்கள். ஆனால் ஒன்று: கோணம் பார்க்க நேரமில்லாததால், வந்த வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார். விழுந்தது! அவருக்கே நம்ப முடியவில்லை. அந்த ஆட்டம் எங்களுக்கு.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எங்களுக்கு இரண்டு வெள்ளை பாக்கி, அவர்களுக்கு ஒரே ஒரு கறுப்பு. அதுவும் குழி வாயில். சிவப்புக் காய் எதிர்ச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் முறை. எனக்கடுத்து அந்தப் பேசாத தம்பி. நான் விட்டால் அவர் சிவப்பையும் போட்டு, கறுப்பையும் போட்டு முடித்துவிடுவார்.

ஸ்ட்ரைக்கரை எடுத்தேன். என் கணவர் எழுந்து வாசலுக்கு ஓடினார்.

"அடிக்கப் போறது நீங்கதானே, அடிங்கம்மா" என்றார் நடுவர்.

எதிரே காலி நாற்காலி. அவர் இருந்திருந்தால் முதலில் ஒரு வெள்ளையைப் போடு, சிவப்பை இப்போது தொடாதே என்று கண்ணாலேயே கத்தியிருப்பார். அதுதான் நியாயமும்கூட. எனக்கு அந்தச் சிவப்பு என் பக்கம் திரும்பி வரும் வழி தெரிந்தது. அவ்வளவுதான். சுண்டினேன். சிவப்பு சட்டத்திலிருந்து எகிறி, போர்டு முழுக்கக் கடந்து வந்து, என் இடக்கைப் பக்கக் குழியில் விழுந்தது. சிவப்பு நமக்கு நிலைக்க, அதற்கு ஃபாலோவாக உடனே ஒரு வெள்ளை போட வேண்டும்; போட்டேன். கடைசி வெள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.

கைதட்டல் சத்தம் கேட்டு என் கணவர் ஓடி வந்தார். போர்டைப் பார்த்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"பேசக் கூடாது!" என்றார் நடுவர், பழக்கத்தில்.

வளையல் கடைத் தம்பி அந்த இரண்டு நாளில் வாய் திறந்து பேசி நான் கேட்டது ஒரே வாக்கியம். "சார், நீங்க வெளியவே இருந்திருக்கலாம்."

இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலூரிலிருந்து வந்த இரண்டு காலேஜ் பையன்கள். நாங்கள் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. நாற்காலி சூடாவதற்குள் முடிந்தது. என் கணவருக்கு ஒரு முறைதான் வாசலுக்குப் போக நேரம் இருந்தது.

இரண்டாம் பரிசு ஆளுக்கு ஒரு ஷேவிங் செட். பிரஷ், கிண்ணம், ரேசர் எல்லாம் ஒரு பெட்டிக்குள். செயலாளர் அதை என்னிடம் நீட்டும்போது நெளிந்தார். "மன்னிச்சுக்கம்மா, லேடீஸ் வருவாங்கன்னு நெனைக்கல."

வளையல் கடை அண்ணன் முன்னால் வந்தார். "தங்கச்சி, அதை எங்கிட்ட குடுத்துடு. கடைக்கு வந்து பிடிச்ச வளையல் ஒரு டஜன் எடுத்துக்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் நான் கொடுக்கவில்லை. "இது நான் ஜெயிச்சதுங்கண்ணா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தோம். மழை இல்லை, மலைமேல் மேகம் மட்டும் உட்கார்ந்திருந்தது. இனிப் பேசலாம். தெருமுனைக்கு வந்ததும் அவர் நின்றார். குடையைத் தரையில் ஊன்றினார். வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது.

பாவமாக இருந்தது. குடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அந்தச் சிவப்பு எங்கே இருந்தது, நான் எங்கே ஸ்ட்ரைக்கரை வைத்தேன், அது எந்த வழியாக வந்தது என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்து, ஏன் என்று கண்ணால் கேட்டார்.

"தெரியலைங்க. அங்க வெச்சா வரும்னு தோணிச்சு" என்றேன்.

அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சரி என்கிற ஆட்டல்தான். வீடு வரைக்கும் நானேதான் பேசிக்கொண்டு வந்தேன்.